டாக்டர் ஹூவை இனி யார் எழுதுவது? பழைய அறிவியல் புனைவுத் தொடர்கள் மறுபடி உயிர்பெறும் விதம்

2025 அக்டோபர் கடைசியில் பிபிசி ஒரு செய்தியை உறுதிசெய்தது. 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரில் கூட்டாளியாக இருந்த டிஸ்னி பிளஸ் விலகிக்கொள்கிறது. ஆனாலும் தொடர் நிற்காது, 2026 கிறிஸ்துமஸுக்கு ஒரு சிறப்பு எபிசோடு வரும், அதைத் தொடரின் தலைமை எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதுவார் என்றும் சொன்னது. அதற்கு அப்புறம் எழுதப்போவது யார் என்பது அந்த அறிவிப்பில் இல்லை.

இப்படி ஓர் இடம் காலியானால் ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிவது வழக்கம். சின்ன வயதிலிருந்து தொடரிலேயே ஊறிய ஒருவரிடம் கொடுங்கள் என்பது ஒரு அணி. ரசிகர்களே வேண்டாம், வெளியிலிருந்து புது ஆள் வரட்டும் என்பது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் இப்படித் திரும்பத் தொடங்கிய தொடர்களைப் பார்த்தால், தொடரை நேசிக்கிற ஒருவர், நேசித்துக்கொண்டே அதில் எதைக் கழற்றி வைக்கத் துணிகிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## முதலில் சில சொற்கள்

1. ரீமேக்: தமிழ் வாசகருக்கு நன்றாகப் பழகிய சொல். முடிந்துபோன ஒரு கதையை, பெரும்பாலும் அதே காட்சி வரிசையோடு, வேறு மொழியிலோ வேறு காலத்திலோ திரும்ப எடுப்பது.

2. தொடர்ச்சி: விட்ட இடத்திலிருந்து, அல்லது பல ஆண்டுகள் தள்ளி, அதே உலகத்தில் கதை நகர்வது. 1987இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இந்த வகை. விண்கப்பலின் பெயர் அதே எண்டர்பிரைஸ். ஆட்கள் எல்லோரும் புதியவர்கள்.

3. ரீபூட்: கணினியை அணைத்துத் திரும்பப் போடுவதிலிருந்து வந்த சொல். அடிப்படைச் சூழலையும் பெயர்களையும் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் சேர்ந்துபோன முன்கதையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது. 2003இன் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' சரியான உதாரணம்.

4. ஷோரன்னர்: தலைமை எழுத்தாளரும் நிர்வாகத் தயாரிப்பாளரும் ஒருவரே. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

சினிமாவில் படம் இயக்குநருடையது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் இது தலைகீழ். இயக்குநர்கள் ஒன்றிரண்டு எபிசோடுகளுக்கு வந்து போவார்கள். கதை எங்கே போகிறது, எந்தப் பாத்திரம் எப்போது சாகும், யாரை நடிக்க வைப்பது, மற்ற எழுத்தாளர்களின் பிரதியில் எந்த வரியை மாற்றுவது என்று எல்லாவற்றிலும் கடைசிச் சொல் ஷோரன்னருடையது. அமெரிக்காவில் அவருக்குக் கீழே ரைட்டர்ஸ் ரூம் என்ற எழுத்தாளர் குழு இருக்கும். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீசன் முழுவதையும் பேசிப் பிரித்துக்கொள்வார்கள். ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் இந்தக் குழுவைச் சுருக்கிக்கொண்டே போனது, 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு ஒரு முக்கியக் காரணம். குழுவில் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற விதியைப் பெற்றுக்கொண்டுதான் அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

ஆகவே ரீபூட்டுக்கு எழுத்தாளரைத் தேர்ந்தெடுப்பது என்றால், வசனம் எழுத ஒருவரை அமர்த்துவது அல்ல. வீட்டுச் சாவியையே கையில் கொடுப்பது.

## சாவி யார் கையில்?

சாவியைக் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதே பல சமயம் சிக்கல். ஒரு பழைய தொடரின் உரிமை ஒரே இடத்தில் இருப்பது அபூர்வம்.

அமெரிக்காவில் எழுத்தாளர் சங்கத்தின் ஒப்பந்தப்படி, ஒரு தொடரை முதன்முதலில் உருவாக்கியவருக்கு ஸ்டுடியோவின் உரிமையிலிருந்து பிரிந்த சில உரிமைகள் தங்கிவிடும். அதனால் தொலைக்காட்சி உரிமை ஸ்டுடியோவிடமும் திரைப்பட உரிமை படைப்பாளியிடமும் இருக்கும் நிலை வருகிறது. 1978இன் முதல் கலாக்டிகாவை உருவாக்கிய க்ளென் லார்சன் விஷயத்தில் இதுதான் நடந்தது.

பிரிட்டனில் வேறு மாதிரி. டாக்டர் ஹூவில் எதிரிகளாக வரும் டாலெக் எனப்படும் உலோகப் பூதங்களை 1963இல் எழுதியவர் டெர்ரி நேஷன். அவர் பிபிசியின் ஊழியர் அல்ல, வெளியிலிருந்து எழுதித் தந்தவர். அதனால் டாலெக்கின் உரிமையில் அவருக்குப் பங்கு இருந்தது. அந்தப் பூதத்துக்கு உருவம் கொடுத்த ரேமண்ட் கியூசிக் பிபிசியின் மாதச் சம்பளக்காரர், ஆகவே அவருக்கு உரிமை எதுவும் இல்லை. குழந்தைகள் அரையாண்டுத் தேர்வுத் தாளின் ஓரத்தில் வரைந்து பார்க்கிற அளவுக்குப் புகழ்பெற்ற ஒரு வடிவத்தை உண்டாக்கியவருக்கு இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இந்த நாற்பதாண்டுப் பழைய ஒப்பந்தம் 2004இல் குறுக்கே வந்து நின்றது. டெர்ரி நேஷனின் வாரிசுத் தரப்புக்கும் பிபிசிக்கும் பேச்சு முறிந்தது. திரும்பத் தொடங்கவிருந்த டாக்டர் ஹூவுக்கு டாலெக் எபிசோடை எழுதிக்கொண்டிருந்த ராபர்ட் ஷியர்மன், டாலெக் இல்லாமலேயே, வேறொரு எதிரியை வைத்து இன்னொரு பிரதி தயார்செய்ய வேண்டியதாயிற்று. பிறகு உடன்பாடு ஏற்பட்டு டாலெக் திரும்பியது. ரீபூட் எழுதுகிறவருக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு. கதையின் நடுத்தூணே ஒரு நாள் காலையில் காணாமல் போகலாம். அப்போதும் கூரை நிற்க வேண்டும்.

## ஒரே தொடர், இரண்டு முயற்சி: 1996, 2005

டாக்டர் ஹூ 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. நீலநிறப் போலீஸ் பெட்டி போல இருக்கும் டார்டிஸ் என்ற வாகனத்தில் காலத்தையும் வெளியையும் கடக்கும் ஒருவர், அவரோடு பயணம் செய்யும் சில மனிதர்கள். அவர் பெயர் டாக்டர், அவ்வளவுதான். நடிகர் விலகும்போது டாக்டர் உடல் மாறிப் புது முகத்தோடு எழுவார். இந்த ஒரு ஏற்பாட்டால் தொடர் 26 ஆண்டுகள் ஓடியது. 1980களின் நடுவில் பிபிசி நிர்வாகமே அதில் ஆர்வம் இழந்தது. கடைசி சீசனைச் சராசரியாக 40 லட்சத்தைச் சுற்றித்தான் பார்த்தார்கள். 1989 டிசம்பரோடு நின்றுவிட்டது.

திரும்பக் கொண்டுவர இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. இரண்டின் தொடக்கக் காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதுபோல நல்ல பாடம் இந்த விஷயத்தில் வேறில்லை.

1996இல் பிபிசி, யுனிவர்சல், ஃபாக்ஸ் சேர்ந்து ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தன. எழுதியவர் மேத்யூ ஜேக்கப்ஸ், டாக்டராக பால் மெக்கேன். படம் ஒரு பின்னணிக் குரலோடு தொடங்குகிறது. டாக்டரின் பழைய எதிரியான மாஸ்டர் என்பவரை டாலெக்குகள் தங்கள் கிரகத்தில் விசாரித்துக் கொன்றுவிட்டதாகவும், அவருடைய எச்சத்தைச் சொந்தக் கிரகத்துக்கு எடுத்துப்போகும் வேலை டாக்டருக்கு வந்திருப்பதாகவும் அந்தக் குரல் சொல்கிறது. அப்புறம் முந்தைய டாக்டரான சில்வெஸ்டர் மெக்காய் சான் பிரான்சிஸ்கோவில் சுடப்பட்டு, மருத்துவமனையில் இறந்து, புது முகத்தோடு எழுகிறார். பழைய ரசிகருக்கு இதில் ஒவ்வொரு சொல்லும் சர்க்கரைக் கட்டி. அமெரிக்காவில் முதல் முறையாகப் பார்க்கிறவருக்கு டாலெக் யார், மாஸ்டர் யார், இந்த ஆள் ஏன் இன்னொரு ஆளாக மாறினார் என்று எதுவுமே புரியாது. கதாநாயகர் வந்து சேர்வதற்குள் பார்க்கிறவர் களைத்துவிடுவார். பிரிட்டனில் 90 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அமெரிக்காவில் கூட்டம் இல்லை. தொடர் வரவில்லை.

2005 மார்ச் 26 அன்று வந்த எபிசோடில் ஒரு அலாரம் அடிக்கிறது. ரோஸ் என்ற பத்தொன்பது வயதுப் பெண் எழுந்து, பேருந்தில் ஏறி, லண்டனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் கடை அடைக்கும் நேரம் அடித்தளத்தில் கடைப் பொம்மைகள் அசைய ஆரம்பிக்கின்றன. யாரோ ஒருவர் அவள் கையைப் பிடிக்கிறார். "ஓடு" என்கிறார். அந்த ஒரு சொல்லில் தொடர் தொடங்கிவிடுகிறது. அந்தப் பொம்மைகள் 1970இலேயே இந்தத் தொடரில் வந்தவை, ஆட்டன் என்று பெயர். ஆனால் அந்தப் பெயரை எபிசோடில் யாரும் உச்சரிப்பதில்லை. தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும், தெரியாதவர்களுக்கு ஓடுகிற பொம்மையே போதும் என்று எழுதியவர் முடிவு செய்திருக்கிறார். அந்த எபிசோடை 1 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

எழுதியவர் ரஸ்ஸல் டி டேவிஸ். அவர் தொட்டதும் தொடாததும் இவை:

1. போலீஸ் பெட்டி, தீம் இசை, டாக்டரின் இயல்பு ஆகியவற்றை அப்படியே வைத்தார்.

2. 25 நிமிடத் துண்டுகளாக நாலு வாரம் நீளும் பழைய வடிவத்தை விட்டு, 45 நிமிடத்தில் ஒரு கதை என்று மாற்றினார்.

3. டாக்டரின் இனத்தையே அழித்தார். இது எல்லாவற்றையும்விடத் துணிச்சலான வெட்டு. திரைக்கு வெளியே ஒரு காலப்போர் நடந்தது, அதில் டாக்டரின் கிரகமும் மக்களும் போய்விட்டார்கள், அவர் ஒருவர்தான் மிச்சம் என்றார். 26 ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த அரசியல், சடங்கு, சட்டதிட்டங்கள் எல்லாம் ஒரே வெட்டில் போயின. போன இடத்தில் ஒரு துக்கம் வந்து உட்கார்ந்தது. அதுவரை ஒரு விசித்திர மனிதராக மட்டும் இருந்த டாக்டருக்கு ஒரு காயம் கிடைத்தது. அந்தக் கிரகத்தின் பெயரைக்கூட 2006 கிறிஸ்துமஸ் வரை அவர் சொல்லவைக்கவில்லை.

முன்கதையைத் துடைப்பது எளிது. துடைத்த இடத்தைக் கதையாக்குவதில்தான் எழுத்தாளரின் திறமை தெரிகிறது.

## ரசிகர், ஆனால் வெளியே சம்பாதித்தவர்

டேவிஸ் சின்ன வயதிலிருந்தே டாக்டர் ஹூ ரசிகர். 1996இல் ஒரு டாக்டர் ஹூ நாவலும் எழுதியிருக்கிறார். ஆனால் பிபிசி அவரைக் கூப்பிட்டது அதற்காக அல்ல. 1990கள் முழுக்கக் குழந்தைகள் தொடரும் குடும்பத் தொடரும் எழுதிக் கை தேர்ந்தவர். 1999இல் மான்செஸ்டரின் தன்பாலின ஆண்களைப் பற்றி அவர் எழுதிய 'குவியர் ஆஸ் ஃபோக்' பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு திருப்பம். பிபிசி அவரைத் தங்களுக்கு எழுத அழைத்தபோதெல்லாம் டாக்டர் ஹூ தந்தால் வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். 2003இல் தந்தார்கள்.

அவர் சேர்த்த ஆட்களைப் பார்த்தாலும் இதே கதைதான். தொடர் இல்லாமல் போன பதினாறு ஆண்டுகளில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 1991இலிருந்து புது நாவல்கள் வந்தன, 1999இலிருந்து ஒலி நாடகங்கள் வந்தன. அங்கே எழுதிப் பழகிய பால் கார்னெல், மார்க் கேடிஸ், ராபர்ட் ஷியர்மன் ஆகியோர் 2005இல் எழுத வந்தார்கள். கூடவே, சிரிப்புத் தொடர்களில் பெயர் வாங்கியிருந்த ஸ்டீவன் மோஃபட். ஒளிபரப்பு நின்ற காலம் ஒருவிதத்தில் பட்டறையாக இருந்திருக்கிறது. முதல் சீசனின் 13 எபிசோடில் 8ஐ டேவிஸே எழுதினார். மற்றவர்களின் பிரதிகள் பலவற்றையும் தானே உட்கார்ந்து திருத்தி எழுதினார் என்பதை அவர் மறைத்ததில்லை. அமெரிக்க ஷோரன்னர் முறை பிரிட்டனில் வேர்விட்டதில் இந்தத் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு.

மோஃபட் எழுதிய இரண்டு பாகக் கதை, போர்க்கால லண்டனில் எரிவாயு முகமூடி அணிந்து அம்மாவைத் தேடி அலையும் குழந்தையைப் பற்றியது. அதற்கு 2006இல் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது கிடைத்தது. 2010இல் அவரே ஷோரன்னர் ஆனார். நல்ல ரீபூட் தன் வாரிசையும் தானே வளர்த்துக்கொள்கிறது.

## கலாக்டிகா: பழைய கதையில் புதைந்திருந்த கதை

அமெரிக்காவின் ஏபிசி 1978 செப்டம்பரில் தொடங்கிய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' ஒரே சீசன்தான் ஓடியது. பன்னிரண்டு கிரகங்களில் வாழ்ந்த மனித இனத்தை சைலான் என்ற இயந்திரப்படை ஒரே நாளில் அழிக்கிறது. தப்பிய கப்பல்கள் ஒரு போர்க்கப்பலின் துணையோடு பூமியைத் தேடிப் புறப்படுகின்றன. ஓர் இனமே அழிந்திருக்கிறது. ஆனால் கதையின் போக்கு ஞாயிறு மாலைக் குடும்பக் கொண்டாட்டம். முதல் படத்திலேயே, அழிவு நடந்த கொஞ்ச நேரத்தில், தப்பியவர்கள் ஒரு சூதாட்டக் கிரகத்தில் இறங்கிச் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

2000க்குப் பிறகு இதைத் திரும்ப எடுக்க யோசித்தபோது ரொனால்ட் டி மூர் என்ற எழுத்தாளரிடம் கேட்டார்கள். அவர் பழைய படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எதிர்பாராமல் வந்த தாக்குதல், செத்துப்போன சாதாரண மக்கள், பயத்தில் இருக்கும் அரசு என்று பழைய கதையில் புதைந்து கிடந்தது அப்போது மேலே வந்தது. மூர் தொடருக்கு முன்னுரை போல ஓர் அறிக்கை எழுதினார். விண்வெளிக் கதையிலிருந்து ஆடம்பரத்தைக் கழற்றிவிட்டு இயல்பாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். வேற்றுக்கிரகவாசிகள் இல்லை. கேமரா ஆவணப்படம் போல அசையும். இந்தத் துறையில் இப்படி ஒரு ஆவணத்தை 'பைபிள்' என்பார்கள். நடிகர், இசையமைப்பாளர், தையற்காரர் வரை எல்லோரும் அதைப் பார்த்து வேலை செய்வார்கள்.

மாற்றங்களில் ரசிகர்களைக் கொதிக்க வைத்தது ஸ்டார்பக். பழைய தொடரில் சுருட்டு புகைக்கும் ஆண் விமானி. மூர் அதைப் பெண்ணாக்கினார், கேட்டி சாக்ஹாஃப் நடித்தார். பழைய ஸ்டார்பக்காக நடித்தவர் இதைக் கண்டித்துக் கட்டுரையே எழுதினார். பழைய தொடரின் இன்னொரு நாயகனான ரிச்சர்ட் ஹாட்ச் பல ஆண்டுகளாகத் தொடர்ச்சிதான் வேண்டும் என்று போராடியவர், 1999இல் அதற்காக ஒரு முன்னோட்டப் படமே எடுத்தவர். மூரின் ரீபூட் அவருக்குப் பெரிய அடி. ஆனால் மூர் அவரைக் கூப்பிட்டு, டாம் ஸாரெக் என்ற முன்னாள் அரசியல் கைதியின் வேடத்தைக் கொடுத்தார். ஹாட்ச் நடித்தார், அருமையாகவே நடித்தார்.

இன்னும் ஆழமான மாற்றம் சைலான்கள். புதிய கதையில் அவர்களைப் படைத்தவர்கள் மனிதர்களே. இப்போது அவர்கள் பார்ப்பதற்கும் மனிதர்கள்போலவே இருக்கிறார்கள். எதிரி யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலையில் கைதியைச் சித்திரவதை செய்யலாமா, தேர்தலை நிறுத்தலாமா என்று கேள்விகள் வருகின்றன. முதல் எபிசோடான '33'இல் 33 நிமிடத்துக்கு ஒருமுறை தாக்குதல் வருகிறது. ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை. ஹ்யூகோ வாங்கிய எபிசோடு அது. 2006இல் வந்த மூன்றாம் சீசனில் சைலான்கள் மனிதக் குடியிருப்பை ஆக்கிரமிக்க, மனிதர்கள் தற்கொலைக் குண்டு கட்டிக்கொண்டு போகிறார்கள். ஈராக்கில் அமெரிக்கப் படை இருந்த நேரத்தில், அமெரிக்கப் பார்வையாளரை ஆக்கிரமிக்கப்பட்டவரின் பக்கம் உட்காரவைத்த தொடர் இது. அறிவியல் புனைவு எதற்காக இருக்கிறது என்று கேட்டால் அந்தச் சீசனைத்தான் காட்டுவேன்.

குறையும் உண்டு. சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று தொடக்க வரிகளிலேயே சொன்னார்கள். அப்படி ஒரு திட்டம் எழுத்தாளர்களிடம் இருக்கவில்லை. கடைசிப் பகுதியில் அது தெரிந்தது.

## படைத்தவரையே கூப்பிட்டால்?

பழைய தொடரை உருவாக்கியவர் உயிரோடிருந்தால் அவரிடமே கொடுப்பதுதானே நியாயம் என்று தோன்றும். ஸ்டார் ட்ரெக்கில் அப்படிச் செய்தார்கள். 1987இல் ஜீன் ராடன்பெர்ரியே வந்தார். வருங்கால மனிதர்கள் பக்குவப்பட்டவர்கள், அதனால் கப்பலில் இருப்பவர்களுக்குள் சண்டை வரக்கூடாது என்றார். உயர்ந்த லட்சியம். ஆனால் சண்டை இல்லாமல் நாடகம் எப்படி எழுதுவது? முதல் இரண்டு சீசன்களில் எழுத்தாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பழைய தொடரின் தூண்களான டி.சி. ஃபான்டானாவும் டேவிட் ஜெரால்டும்கூட மனக்கசப்போடு விலகினார்கள்.

1989இல் மூன்றாம் சீசனுக்கு மைக்கேல் பில்லர் வந்து எழுத்துப் பொறுப்பை எடுத்தார். ராடன்பெர்ரியின் விதியை அவர் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு வாரமும் கதை கப்பலில் உள்ள யாரோ ஒருவரின் உள்ளத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றார். கூடவே, பெயர் தெரியாதவர்கள் அனுப்பும் கதைகளையும் படிக்கும் வழியைத் திறந்துவைத்தார். படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஓர் இளம் ரசிகர் கொடுத்துவிட்டுப் போயிருந்த கதை ஒன்று அப்படித்தான் தேறியது. அந்த இளைஞர் பெயர் ரொனால்ட் டி மூர். பதினான்கு ஆண்டு கழித்துக் கலாக்டிகாவை எழுதியவர் இவர்தான்.

'தி ட்விலைட் ஸோன்' விஷயம் வேறு. 1959 முதல் 1964 வரை வந்த 156 எபிசோடில் 92ஐ ராட் சர்லிங் ஒருவரே எழுதினார். 1985, 2002, 2019 என்று மூன்று முறை திரும்பக் கொண்டுவந்தும் எதுவும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் புதுக் கதை, புது ஆட்கள் என்பதால் எடுத்துக்கொள்ள ஓர் உலகமோ பாத்திரமோ அங்கே இல்லை. இருந்தது ஒரு மனிதரின் குரல்.

## நாற்காலி காலியாக இருந்தால்

'பயோனிக் உமன்' 1976இல் வந்த தொடர். 2007இல் என்பிசி அதை மறுபடி எடுத்தது. நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர், மூரோடு சேர்ந்து கலாக்டிகாவைத் தயாரித்த டேவிட் ஐக். வில்லியாக நடித்தவர் கேட்டி சாக்ஹாஃப். பெயர் பெற்ற கைகள் எல்லாம் இருந்தன. ஆனால் எழுத்துத் தலைமை மாறிக்கொண்டே இருந்தது. ஒருவர் போட்ட கோலத்தை அடுத்தவர் அழித்தார். எட்டு எபிசோடு வந்த நிலையில் அந்த ஆண்டின் எழுத்தாளர் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொள்ள, தொடர் முடிந்தது. கலாக்டிகாவையே இன்னொரு முறை ரீபூட் செய்யப் பீகாக் ஸ்ட்ரீமிங் நிறுவனம் 2019இல் அறிவித்ததும் எழுத்தாளர்கள் மாறி மாறி, 2024இல் கைவிடப்பட்டது.

## அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்வது?

1. இந்தத் தொடர் எதைப் பற்றியது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொல்ல வேண்டும். சொல்வதில் வில்லன் பெயரோ கிரகத்தின் பெயரோ வந்தால் அவர் இன்னும் தயாராகவில்லை.

2. முதல் பத்து நிமிடத்தை எழுதி வாங்க வேண்டும். 1996க்கும் 2005க்கும் உள்ள தூரம் அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தது. எதுவுமே தெரியாதவர் எந்தக் கதவு வழியாக உள்ளே வருவார்?

3. எதைக் கழற்றுவீர்கள், கழற்றிய இடத்தில் என்ன வைப்பீர்கள்? இரண்டாவது பாதிக்குப் பதில் இல்லாதவர் வெறும் இடிப்பவர். முதல் பாதிக்கே பதில் இல்லாதவர் காவலாளி. தொடருக்கு இருவருமே உதவ மாட்டார்கள்.

4. பூதமும் விண்கலமும் இல்லாமல் நாலு பேர் ஒரு வீட்டில் பேசிக்கொள்வதை எழுதிப் பார்வையாளரைப் பிடித்து வைத்திருக்கிறாரா? டேவிஸ் அதைச் செய்துவிட்டு வந்தவர்.

5. மற்றவர்களின் எழுத்தைத் திருத்தி, ஆட்களை வளர்க்கத் தெரிந்தவரா?

நேர்காணலில் யாரும் கேட்காத ஆறாவது கேள்வி ஒன்று உண்டு. அது சேனலுக்கானது. பழைய ரசிகர்கள் கொதிக்கும் முதல் ஆறு மாதம் இந்த எழுத்தாளருக்குப் பின்னால் நிற்பீர்களா? ஸ்டார்பக் பெண்ணானபோது மூரைத் தூக்கியிருந்தால் மேலே சொன்ன எதுவும் நடந்திருக்காது.

## அதே கை, இரண்டாம் முறை

2021இல் பிபிசி திரும்பவும் டேவிஸிடமே போனது. டிஸ்னியின் பணம், உலகம் முழுக்க ஒளிபரப்பு, சீசனுக்கு எட்டு எபிசோடு, புது டாக்டராக ஞ்சூட்டி காட்வா. காட்வாவின் உற்சாகம் அபாரம், தனித்தனி எபிசோடுகளில் சில மிக நல்லவை. ஆனால் இரண்டு சீசன்களும் முடிந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். 2024 சீசனின் கடைசியில் வந்த எதிரி சுடெக், 1975 கதையின் வில்லன். 2025இல் வந்தவர்கள் ரானியும் ஒமேகாவும். ரானி முதலில் வந்தது 1985இல், ஒமேகா 1970களின் தொடக்கத்தில். உலகம் முழுக்கப் புதுப் பார்வையாளரைச் சேர்க்கத்தான் இந்தக் கூட்டே ஏற்பட்டது. அவர்களிடம் போய், நீங்கள் பிறப்பதற்கு முன் வந்த ஒருவர் திரும்பி வந்துவிட்டார், அதிர்ச்சியடையுங்கள் என்று சொன்னால் எப்படி? ஆட்டன் என்ற பெயரைக்கூடச் சொல்லாமல் 2005இல் எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. இந்தத் தொடரை அவரைப்போல நேசித்தவர் குறைவு என்பதால் இதைச் சொல்லக் கஷ்டமாகவே இருக்கிறது. ஒருமுறை சரியாகத் தேர்ந்த பெயர் எப்போதும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. கேள்வியை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும்.

1963இல் கேட்டார்கள். தொடருக்கு முதல் தயாரிப்பாளராக வந்த வெரிட்டி லாம்பர்ட்டுக்கு வயது 27. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்த இருபத்துச் சொச்ச வயதுக்காரர். பிதுங்கிய கண்ணும் கொடுக்குமாக வரும் பூதக்கதை எதுவும் வேண்டாம் என்று மேலதிகாரி சிட்னி நியூமன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லாம்பர்ட் டாலெக் கதையை எடுத்தார். தொடர் நிலைத்தது அந்தக் கதையால்தான்.

இப்போது புதிதாக வருபவருக்கு முன்னால் ஒரு முடிச்சு காத்திருக்கிறது. 2025 மே கடைசியில் வந்த எபிசோடின் இறுதிக் காட்சியில் காட்வாவின் உடல் மாறி, பில்லி பைப்பரின் முகம் வந்தது. இருபது ஆண்டு முன்பு அலாரம் அடித்து எழுந்த அதே ரோஸின் முகம். பெயர் வரிசையில் அவர் புது டாக்டர் என்று போடவில்லை, அறிமுகம் பில்லி பைப்பர் என்று மட்டும் போட்டார்கள். அந்த முகத்துக்கு டேவிஸ் கிறிஸ்துமஸுக்குள் ஒரு விளக்கம் தந்துவிடலாம். அப்படித் தந்தாலும், அந்த விளக்கத்தைத் தன் முதல் எபிசோடில் ஒரு வரியாவது சொல்வதா, அல்லது எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் காலையில் கண்விழிப்பதிலிருந்து தொடங்குவதா என்று அடுத்து எழுதுபவர் முடிவு செய்தாக வேண்டும்.